இறக்கத்துக்கு ஏற்ற சைக்கிள்: ஏற்காடு மலைப்பாதையில் நடந்த ஒரு விபத்தும் அதன்பின் செய்த தேர்வும்

பின்னணி

இந்த நிகழ்வுக்கு உரியவர் 44 வயது ஆண். உயரம் 168 செ.மீ., எடை 78 கிலோ. ஏற்காட்டிலிருந்து நாகலூர் போகும் வழியில் ஒரு காப்பித் தோட்டத்தில் ரைட்டர் வேலை. குடும்பம் இருப்பது சேலத்தில், கன்னங்குறிச்சிப் பக்கம். திங்கட்கிழமை விடியற்காலை மேலே சரக்கு ஏற்றப் போகும் மினி வண்டியில் சைக்கிளைப் போட்டுக்கொண்டு போய்விடுவார். வார நாட்களில் குவார்ட்டர்ஸுக்கும் தோட்டத்துக்கும் நடுவே தினமும் 7 கி.மீ. ஓட்டுவார். அதில் பாதி தார் ரோடு, மீதி சவுக்கு மரத்தடியில் போகும் செம்மண் தடம். சனிக்கிழமை மதியத்துக்கு மேல் சைக்கிளிலேயே மலையிறங்கி வீட்டுக்கு வருவார். ஞாயிற்றுக்கிழமை அதே வண்டியில் அஸ்தம்பட்டி, செவ்வாய்ப்பேட்டை என்று கடைகண்ணிக்குப் போய்வருவார்.

ஆக ஒரே சைக்கிளுக்கு நான்கு வேலை: மலை மேலே சின்னச் சின்ன ஏற்ற இறக்கம், மண் தடம், நகர நெரிசல், வாரம் ஒருமுறை நீண்ட இறக்கம். கடைசியாகச் சொன்னது வாரத்தில் ஒரு மணி நேரம்தான். ஆனால் வண்டியிடம் அதிகம் கேட்பது அதுதான். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, சேலம் 280 மீட்டர் வாக்கில். அடிவாரத்துக்கும் ஏற்காட்டுக்கும் இடையே சுமார் 20 கி.மீ. தூரத்தில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அடிவாரம் வரை இறங்கும் உயரம் ஏறத்தாழ 1,100 மீட்டர். வளைவுகளுக்குக் கீழிருந்து மேலாக எண் போட்டிருப்பதால் இறங்குகிறவர் 20-இல் தொடங்கி 1-இல் முடிப்பார்.

அவர் வைத்திருந்தது நான்கு வருடத்துக்கு முன் 9,500 ரூபாய்க்கு வாங்கிய 26 அங்குல ‘டபுள் ஷாக்’ வண்டி. முன்னும் பின்னும் ஸ்பிரிங், 21 கியர், ஒயரில் இழுக்கும் டிஸ்க் பிரேக், எடை 19 கிலோ. பார்வைக்கு மலை வண்டிதான். பின்பக்க ஸ்பிரிங் இருக்கும் சட்டத்தில் சாதாரணக் கேரியர் உட்காராது. மட்கார்டும் சரியாக நிற்காது. சுமையை எதில் வைப்பது என்ற கேள்விக்கு அந்த வண்டியிடம் பதில் இல்லாததால் முதுகில் ஒரு பை, ஹேண்டில்பாரில் ஒரு பை என்று பழக்கமாகிவிட்டது.

விபத்துக்கு முன் தெரிந்த அறிகுறிகள்

விழுவதற்கு ஏழெட்டு மாதம் முன்பே மூன்று தொந்தரவுகள் இருந்தன. மூன்றையும் அவர் வயதின் கணக்கில் எழுதிவிட்டார்.

முதலாவது, முட்டிச்சில்லுக்கு முன்புறம் வலி. ஏற்றம் மிதித்த நாளில் படியிறங்கும்போது அதிகம். பின்னர் அளந்தபோது சீட்டு இருக்கவேண்டியதைவிட 7 செ.மீ. தாழ்வாக இருந்தது. நின்றால் இரண்டு பாதமும் முழுதாகத் தரையில் பதிய வேண்டும் என்று வாங்கிய அன்றே இறக்கிவைத்திருந்தார். சீட்டு தாழ்ந்தால் முட்டி அதிகம் மடங்கிய நிலையிலேயே பெடலை அழுத்த வேண்டியிருக்கும். சில்லுக்கும் தொடை எலும்புக்கும் நடுவே அழுத்தம் ஏறுவது அதனால்தான்.

இரண்டாவது, இடது கையில் மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப்போதல். உள்ளங்கையின் வெளிவிளிம்பில் ஓடும் அல்நார் நரம்பு கைப்பிடியில் நசுங்குவதால் வரும் தொந்தரவு இது. ஹேண்டில்பார் தாழ்ந்திருந்து, உடம்பின் பாரம் கையில் இறங்கி, அதே கை விடாமல் பிரேக்கையும் பிடித்துக்கொண்டிருந்தால் வராமல் இருக்காது.

மூன்றாவது பிரேக் லீவர். இடது லீவர், அதாவது பின் பிரேக், வாரத்துக்கு வாரம் கைப்பிடியை நெருங்கி வந்தது. அவரும் வாராவாரம் ஒயர் முனையில் இருக்கும் திருகு நட்டை ஒரு சுற்று வெளியே திருகி லீவரைப் பழையபடி விறைப்பாக்கிக்கொண்டார். விபத்துக்கு முந்தைய வாரம் அந்த நட்டில் திருகுவதற்கு மரையே மிச்சமில்லை. அந்த இடத்தில் வண்டி கடைக்குப் போயிருக்க வேண்டும்.

விபத்து நாள்

ஐப்பசி மாதம், சனிக்கிழமை, மாலை மூன்றரை மணி. காலையில் மழை பெய்து விட்டிருந்தது. ரோட்டின் நடுப்பகுதி காய்ந்திருந்தாலும் வளைவுகளின் உள்பக்கத்தில் ஈரமும், மேட்டிலிருந்து அடித்து வந்த பொடிக்கல்லும் கிடந்தன. முதுகுப் பையில் வாரத் துணியும் கணக்கு நோட்டுகளுமாக 7 கிலோ. ஹேண்டில்பாரின் வலப்பக்கம் தொங்கிய பையில் காப்பித் தூளும் சில்லறைச் சாமானுமாக 4 கிலோ. ஆளும் வண்டியும் சுமையும் சேர்த்து 108 கிலோ.

வழக்கம்போல் பின் பிரேக்கை மட்டும் லேசாக, விடாமல் பிடித்தபடி இறங்கினார். முன் பிரேக்கைப் பிடித்தால் குப்புற விழுவோம் என்று சின்ன வயதில் கேட்டது மனதில் தங்கியிருந்தது. பன்னிரண்டாவது வளைவு வாக்கில் சூடான நாற்றம் வந்ததாகச் சொல்கிறார். முன்னால் போன லாரியின் நாற்றம் என்று எண்ணிக்கொண்டார். ஒன்பதாவது வளைவில் இடது லீவர் கைப்பிடியைத் தொட்டது. ஆனாலும் வேகம் கொஞ்சம் குறையத்தான் செய்தது, அதனால் நிற்கவில்லை.

ஏழாவது வளைவுக்கு முன் வேகம் மணிக்கு 25 கி.மீ. இருந்திருக்கலாம். இடது லீவரை முழுதாக அழுத்தியும் பிடிப்பு இல்லை. வண்டி இடப்பக்கம் சாய்ந்து திரும்பத் தொடங்கிய பிறகு, பயத்தில் வலது லீவரை ஒரே இழுப்பாக இழுத்துவிட்டார். அதுவரை வேலையே பார்க்காத முன் பிரேக் முழு பலத்தோடு பிடித்தது. சாய்ந்திருந்த முன் சக்கரம் பொடிக்கல்லின் மேல் நின்று, அப்படியே வழுக்கியது. தொங்கிய பை எதிர்ப்பக்கம் ஊசலாடி ஹேண்டிலையும் திருப்பியது. இடது உள்ளங்கையை ஊன்றி, இடது முட்டியும் இடுப்பும் தேய விழுந்தார். ஹெல்மெட் போட்டிருந்தார், தலையில் அடி இல்லை. எதிரே ஏறி வந்த கார் வளைவுக்கு வெளியிலேயே நின்றுவிட்டது. அந்தக் கார் பத்து நொடி முந்தி வந்திருந்தால் இதை வேறு மாதிரி எழுத வேண்டியிருந்திருக்கும்.

முதல் ஒரு மணி நேரம்

காரில் வந்தவர்கள் அவரை ஓரமாக உட்கார வைத்தார்கள். முட்டியில் ரத்தம் கசிந்தது. சிதறிக் கிடந்த பையிலிருந்த காப்பித் தூளையே அள்ளி ஒருவர் காயத்தில் அப்பினார். நல்ல எண்ணத்தில் செய்ததுதான். நம் வீடுகளில் எல்லோரும் பார்த்து வளர்ந்த வைத்தியம். ஆனால் தோல் உரிந்த சிராய்ப்பில் ஏற்கனவே மண்ணும் தார்த் துகளும் ஒட்டியிருக்கும். அதன்மேல் தூள் அப்பினால் அழுக்கு உள்ளேயே உறைந்துவிடுகிறது. மருத்துவமனையில் அதை ஊறவைத்துச் சுரண்டிக் கழுவ நாற்பது நிமிடம் ஆனது. எலும்பைவிட அந்த நாற்பது நிமிடம்தான் அதிகம் வலித்ததாம்.

அந்த இடத்தில் செய்ய வேண்டியிருந்தது இவ்வளவே: குடிதண்ணீரை ஒரு லிட்டருக்குக் குறையாமல் சிராய்ப்பின்மேல் ஊற்றிக் கழுவுவது, சுத்தமான துணியால் மூடிக் கட்டுவது, ஊன்றிய கையை அசைக்காமல் துண்டில் தூளி கட்டி நெஞ்சோடு வைப்பது, ஆம்புலன்ஸுக்கோ அல்லது அவரோடு கீழே வரக்கூடிய வண்டிக்கோ ஏற்பாடு செய்வது. டெட்டனஸ் ஊசி அன்றே போடப்பட்டது.

மணிக்கட்டு எக்ஸ்ரேயில் முறிவு தெரியவில்லை. சுளுக்கு என்று சொல்லி கிரேப் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். பன்னிரண்டாம் நாளும் பெருவிரலின் அடியில் வலி நின்றிருந்தது. பெருவிரலை விரித்தால் மணிக்கட்டின் ஓரத்தில் இரண்டு தசைநாணுக்கு நடுவே ஒரு குழி விழும். அந்தக் குழியில் அழுத்தினால் துள்ளினார். மறுபடி எடுத்த எக்ஸ்ரேயில் ஸ்காஃபாய்டு எலும்பில் கீறல் தெரிந்தது. மணிக்கட்டில் இருக்கும் சிறிய, படகு வடிவ எலும்பு அது. கையை ஊன்றி விழுகிறவர்களுக்கு முறிவதும், முதல் எக்ஸ்ரேயில் ஒளிந்துகொள்வதும் அதன் குணம். அதற்கு ரத்தம் விரல் பக்கத்து முனை வழியாகவே பெரும்பாலும் போகிறது. கவனிக்காமல் விட்டால் மறுமுனை ஒட்டாமல் போகலாம். அந்தக் குழியில் வலி இருந்தால், எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும், கையை அசைக்காமல் கட்டிவைத்து 10 முதல் 14 நாளில் மறுபடி பார்ப்பதே வழக்கமான முறை.

பத்து வாரம் மாவுக்கட்டு. பிறகு நான்கு வாரம் பிசியோதெரபி.

வண்டியைப் பிரித்தபோது கண்டவை

கை கட்டில் இருந்த நாட்களில் சைக்கிள் சேலத்தில் ஒரு கடையில் பிரிக்கப்பட்டது. இந்த ஆய்வில் எங்களுக்கு முக்கியமாகப் படுவது இந்தப் பகுதிதான்.

பின் டிஸ்கைக் கவ்வும் காலிப்பரிலிருந்து, டிஸ்கில் உரசும் இரண்டு பேடையும் எடுத்து வெள்ளைத் தாளில் வைத்தார் மெக்கானிக். வெளிப்பக்க பேடில் ஒரு மி.மீ.க்கும் குறைவாகப் பொருள் இருந்தது. மேல்பரப்பு கண்ணாடிபோல் மின்னியது. உள்பக்க பேடில் பொருளே இல்லை. வெறும் தகடு, அதில் வட்டமாகக் கீறல். டிஸ்க் நீலம் பாய்ந்து லேசாகக் கோணியிருந்தது. முன் பேடுகளை எடுத்துப் பார்த்துவிட்டு அவர் சொன்னது: “பின் பிரேக்க மட்டுமே பிடிச்சு இறங்கியிருக்கீங்கண்ணா. முன்னாடி பேடு வாங்கின மாதிரியே இருக்குதுங்க.”

ஒயர் டிஸ்க் பிரேக்கில் பெரும்பாலும் வெளிப்பக்க பேடு மட்டுமே நகரும். அது டிஸ்கைத் தள்ளி, வளைத்து, அசையாமல் இருக்கும் உள் பேடின்மேல் அழுத்தும். பேடு தேயத் தேய உள் பேடை அதன் பின்னால் இருக்கும் திருகால் டிஸ்குக்குப் பக்கத்தில், உரசாத அளவுக்கு, ஒரு விசிட்டிங் கார்டு கனம் இடைவெளியில் கொண்டுவர வேண்டும். ஒயரை இறுக்குவது அதற்கப்புறம்தான். இவர் உள் பேடைத் தொடாமல் ஒயரை மட்டும் இறுக்கிக்கொண்டே போனதால், ஒயர் இழுக்கும் காலிப்பரின் கை ஆரம்பத்திலேயே பாதி திரும்பிய நிலையில் நின்றது. லீவர் விறைப்பாகத் தெரிந்தது, ஆனால் காலிப்பரின் கைக்குத் திரும்ப மிச்சம் இடமில்லை. கடைசியில் அது காலிப்பரின் உடம்பில் முட்டி நின்றிருக்கிறது. லீவரை எவ்வளவு அழுத்தினாலும் பேடுக்குப் போய்ச்சேர ஒன்றுமில்லை.

வெப்பக் கணக்கையும் பார்க்க வேண்டும். 108 கிலோ 1,100 மீட்டர் இறங்கும்போது வெளியாகும் ஆற்றல் சுமார் 11.6 லட்சம் ஜூல். வீட்டில் மூன்றரை லிட்டர் தண்ணீரை அடுப்பில் வைத்துக் கொதிநிலைக்குக் கொண்டுவரத் தேவைப்படும் ஆற்றல் அது. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போனால் காற்றும் டயர் உரசலும் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் தின்னும். மீதி பிரேக்கின் தலையில். அதாவது நூறு வாட் குண்டு பல்பு இரண்டு எரிவது போன்ற சூடு, ஒரு மணி நேரம், கைக்குள் அடங்கும் ஒரு மெல்லிய எஃகுத் தட்டில். இரண்டு பிரேக்கும் பங்கு போட்டிருந்தால் ஆளுக்கு ஒரு பல்பு. ஒன்றே சுமந்ததால் ரெசின் (பிசின் கலந்த) பேடு சூடேறி வழுவழுப்பாகி, பிடிப்பை இழந்தது.

பின் பிரேக்கை மட்டும் நம்புவதில் இன்னொரு குறையும் உண்டு. பிரேக் பிடிக்கும்போது பாரம் முன் சக்கரத்துக்குப் போய்விடுகிறது. பின் சக்கரம் லேசாகி, சீக்கிரம் இழுபடும். காய்ந்த சமதள ரோட்டில் 25 கி.மீ. வேகத்திலிருந்து பின் பிரேக்கால் மட்டும் நிற்கச் சுமார் 10 மீட்டர் வேண்டும். இரண்டையும் சரியாகப் பிடித்தால் 5 மீட்டரில் நிற்கலாம். குப்புற விழச் செய்வது முன் பிரேக்கைத் திடீரென்று, கை மடங்கிய நிலையில், சாய்ந்த வண்டியில் இழுப்பது. நேர் ரோட்டில், உடம்பைப் பின்னுக்குத் தள்ளி, கையை ஊன்றிக்கொண்டு படிப்படியாக அழுத்தினால் அதுவே உயிர் காக்கும் பிரேக்.

பின் ஹப் (சக்கரத்தின் நடுப்பகுதி) பற்றி ஒரு வரி: ஃப்ரீவீல் திருகும் பழைய மாதிரி ஹப்பில் வலப்பக்க பால்ரஸ் உள்ளே தள்ளி இருக்கும். சுமையோடு மண் தடத்தில் ஓடினால் அச்சு அங்கே வளையும். இதிலும் வளைந்திருந்தது.

புதிய வண்டி: முடிவுகளும் காரணங்களும்

பழையதைச் சரிசெய்ய 4,000 ரூபாய்க்கு மேல் ஆகும் என்றார் மெக்கானிக். செய்தாலும் கேரியர் உட்காராத சட்டம், 19 கிலோ எடை, தாழ்ந்த ஹேண்டில் அப்படியே இருக்கும். அதனால் மாற்றுவதென்று முடிவானது. எல்லாம் சேர்த்து 42,000 ரூபாய் வரை செலவழிக்கலாம் என்றார்.

இந்த மாதிரித் தேர்வில் பெரும்பாலானவர்கள் ஏற்றத்தை நினைத்துக் கியர் எண்ணிக்கையைப் பார்க்கிறார்கள். ஏற்றத்தில் வண்டி போதவில்லை என்றால் இறங்கித் தள்ளலாம். இறக்கத்தில் போதவில்லை என்றால் செய்வதற்கு ஒன்றுமில்லை. எனவே முதலில் பிரேக், அடுத்து சுமை வைக்கும் இடம், பிறகு டயர், கடைசியில் கியர் என்ற வரிசையில் பார்க்கப்பட்டது.

நான்கு வகை வண்டி பேச்சில் இருந்தது. வழக்கமான 28 அங்குல கறுப்புச் சைக்கிள்: கேரியர், மட்கார்டு, செயின் கவர் எல்லாம் உண்டு, எந்த ஊரிலும் ரிப்பேர் ஆகும். ஆனால் கம்பி பிரேக்கும் எஃகு ரிம்மும் மழையில் நனைந்தால் பிடிப்பு மோசமாகக் குறையும். ஒரே கியரில் 44 பல், 18 பல் என்று வைத்தால் பெடல் ஒரு சுற்றுக்கு வண்டி 5.4 மீட்டர் போகும். மலையேற்றத்தில் சாதாரண ஆளால் முடிகிற மணிக்கு 9 கி.மீ. வேகத்தில் அது நிமிடத்துக்கு 28 சுற்று. முட்டி தாங்காது. மெல்லிய டயர் ரேஸ் வண்டி மண் தடத்துக்கு ஆகாது. மின்சார சைக்கிள் 25 கிலோ வரை இருக்கும். ஒட்டிய மணிக்கட்டோடு அதை மினி வண்டியில் தூக்கிப் போட முடியாது. மிஞ்சியது ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க் வைத்த ஹைபிரிட், அதாவது ரோடு வண்டிக்கும் மலை வண்டிக்கும் நடுவான வகை.

ஸ்பிரிங் வேண்டாமா என்று அவரே இரண்டு முறை கேட்டார். மலிவான முன் ஸ்பிரிங் இரண்டு கிலோ எடையைக் கூட்டி, பிரேக் பிடிக்கும்போது முன்பக்கத்தை அமுக்கிவிடுகிறது. மழைக்காலம் இரண்டு முடிந்தால் துருவும் ஏறிவிடும். அது செய்யும் வேலையை 40 மி.மீ. அகல டயர் சரியான காற்றில் செய்துவிடும்.

கடையில் பார்த்தவை:

டிஸ்கில் பொறித்திருக்கும் எழுத்து. சில டிஸ்க்கில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று இருக்கும். அதில் உலோகத்தூள் கலந்த சின்டர்டு பேடு போடக்கூடாது, டிஸ்க் தேய்ந்துவிடும். நீண்ட இறக்கத்தில் சின்டர்டு பேடு சூட்டை நன்றாகத் தாங்கும், சத்தம் மட்டும் போடும். முதலில் காட்டிய வண்டியில் அந்த எழுத்து இருந்ததால் அது தள்ளப்பட்டது.

எண்ணெய் அழுத்தத்தில் வேலை செய்யும் (ஹைட்ராலிக்) பிரேக் என்றால், லீவரை அழுத்தி இருபது நொடி பிடித்திருந்தால் மெல்ல அமிழ்கிறதா என்பது. அமிழ்ந்தால் எங்கோ எண்ணெய் கசிகிறது அல்லது காற்று இருக்கிறது.

பின் சக்கரத்தை மாட்டும் இடத்தில் பக்கத்துக்கு இரண்டு மரைத் துளை இருக்கிறதா என்பது. ஒன்று கேரியருக்கு, ஒன்று மட்கார்டுக்கு. ஒரே துளை இருந்தால் இரண்டையும் ஒரு போல்ட்டில் மாட்டுவார்கள், அது தளர்ந்துகொண்டே இருக்கும்.

டியூபின் வால்வு. பைக்கில் இருப்பது போன்ற தடித்த வால்வு என்றால் எந்தப் பஞ்சர் கடையிலும் காற்றடிக்கலாம். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் அடாப்டர் கையில் இருக்க வேண்டும்.

ஒயர் பிரேக்கா, எண்ணெய் பிரேக்கா என்பதில்தான் நீண்ட விவாதம். ஒயர் பிரேக்கைத் தோட்டத்திலேயே சரிசெய்யலாம். எண்ணெய் பிரேக்கில் காற்று புகுந்தால் சேலம்தான் இறங்க வேண்டும். ஆனால் இவருக்கு இடது கை இன்னும் பலம் திரும்பாத கை. ஒரே நிறுத்தத்துக்கு எண்ணெய் பிரேக்கில் விரல் அழுத்தம் மிகக் குறைவு. பேடு தேய்வதையும் அதுவே ஈடுகட்டிக்கொள்ளும். திருகு நட்டை வாராவாரம் திருகி உண்மையை மறைக்கும் வாய்ப்பு அதில் இல்லை. இந்தக் கடைசிக் காரணமே முடிவைத் தீர்மானித்தது. அதன் மறுபக்கத்தையும் அவருக்குச் சொல்லியாக வேண்டியிருந்தது: லீவர் கடைசிவரை நன்றாகவே இருக்கும் என்பதால் பேடைக் கண்ணால் பார்த்தே தீர வேண்டும்.

வாங்கியது: அலுமினியச் சட்டம், 17 அங்குல அளவு, 700சி சக்கரத்தில் 40 மி.மீ. டயர், முன்னால் 48, 38, 28 பல், பின்னால் 11 முதல் 34 வரை 8 பல்சக்கரம் கொண்ட கேசட், மினரல் ஆயில் டிஸ்க் பிரேக், எடை 13.5 கிலோ. மிகத் தாழ்ந்த கியரில் பெடல் ஒரு சுற்றுக்கு 1.8 மீட்டர். மேலே சொன்ன 9 கி.மீ. வேகத்துக்கு நிமிடத்துக்கு 83 சுற்று. முட்டிக்கு இதமான கணக்கு. வண்டி 36,000 ரூபாய். கேரியர், இரண்டு மட்கார்டு, பக்கப் பை, முன்பின் விளக்கு, மணி, கூடுதலாக ஒரு ஜோடி பேடு எல்லாம் சேர்த்து 5,400.

உடம்புக்குப் பொருத்தியது

வெறுங்காலோடு சுவரில் சாய்ந்து நிற்க வைத்து, கவட்டையிலிருந்து தரை வரை அளந்தார்கள்: 78 செ.மீ. அதை 0.883-ஆல் பெருக்கினால் 68.9. பெடல் கைகள் சுழலும் நடு அச்சின் மையத்திலிருந்து சீட்டின் மேல்பகுதி வரை அந்த அளவுக்கு ஏற்றினார்கள். சரிபார்க்க எளிய வழி: சீட்டில் உட்கார்ந்து குதிகாலைப் பெடலில் வைத்து அடிவரை இறக்கினால் கால் நேராக வேண்டும், இடுப்பு சாயக்கூடாது. கால் எட்டவில்லை என்று முதல் நாள் பயந்தார். நிற்கும்போது சீட்டை விட்டு இறங்கி நிற்க வேண்டும், உட்கார்ந்தபடி ஊன்றக்கூடாது என்பது பழக இரண்டு வாரம் ஆனது.

ஹேண்டில்பாரை சீட்டுக்கு 3 செ.மீ. மேலே வைத்தார்கள். உள்ளங்கை விளிம்பைத் தாங்கும் அகலமான கைப்பிடி போடப்பட்டது. லீவரைச் சற்றுக் கீழே சாய்த்து, மணிக்கட்டு வளையாமல் முன்கையோடு ஒரே கோட்டில் வரும்படி திருப்பினார்கள். வலது லீவர் முன் பிரேக், இடது பின் பிரேக் என்பதையும் உறுதிசெய்துகொண்டார்கள். காற்று பின்னால் 50, முன்னால் 42 பி.எஸ்.ஐ.

புதுப் பேடு பிடிப்பதற்குப் பழக வேண்டும். கோரிமேட்டுப் பக்கம் ஆளில்லாத ரோட்டில் 20 கி.மீ. வேகத்திலிருந்து நடை வேகத்துக்கு, சக்கரம் பூட்டாமல், ஒவ்வொரு பிரேக்குக்கும் இருபது முறை குறைத்தார். ஏழெட்டு முறைக்குப் பிறகு பிடிப்பு கண்கூடாக ஏறியது. இதைச் செய்யாமல் நேராக மலையிறங்குகிறவர்கள் பிரேக் சரியில்லை என்று கடைக்குத் திரும்பி வருகிறார்கள்.

பிறகு நடந்தவை

மாசி மாதத்தில் முதல் இறக்கம். சுமை முழுதும் கேரியரின் பக்கப் பையில் தாழ்வாக. கையிலும் முதுகிலும் எதுவும் இல்லை. வளைவுக்கு முன், வண்டி நேராக இருக்கும்போதே இரண்டு பிரேக்கையும் சேர்த்துப் பிடித்து வேகத்தை வேண்டிய அளவுக்குக் குறைப்பது, பிறகு முழுதாக விடுவது, வளைவில் பிரேக்கைத் தொடாமல் திரும்புவது என்ற முறை சொல்லித்தரப்பட்டிருந்தது. விட்டுவிட்டுப் பிடித்தால் நடுவில் டிஸ்குக்குக் காற்று கிடைக்கிறது. நான்கைந்து வளைவுக்கு ஒருமுறை அகலமான ஓரத்தில் ஐந்து நிமிடம் நின்றார். சூடான டிஸ்கில் தண்ணீர் ஊற்றக்கூடாது, கோணிவிடும். விரலால் தொட்டாலும் கொப்புளம்தான். ஏறும் வண்டிக்கு வழிவிடுவதும், குரங்குகள் கூடும் இடத்தில் வேகத்தை முன்கூட்டியே குறைப்பதும் அவருக்கு ஏற்கனவே தெரிந்தவை.

முட்டி வலி மூன்று வாரத்தில் நின்றது. விரல் மரத்துப்போவது ஆறாவது வாரத்துக்கு மேல் இல்லை. பதினான்கு இறக்கத்துக்குப் பிறகு முன் பேடு 2 மி.மீ.யிலிருந்து 1.2-க்கு வந்திருந்தது. பின் பேடு அதைவிடக் குறைவாகத் தேய்ந்திருந்தது. வேலை இப்போது முன்னால் நடக்கிறது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி தேவையில்லை. 1 மி.மீ. வந்ததும் மாற்றுவது என்று வைத்திருக்கிறார்.

எல்லாமே சரியாகிவிடவில்லை. அதன்பிறகு ஒருமுறை செயினைச் சுத்தம் செய்ய மண்ணெண்ணெயைப் பீய்ச்சியபோது பின் டிஸ்கிலும் தெறித்துவிட்டது. மறுநாள் பின் பிரேக் ஊளையிட்டது, பிடிக்கவில்லை. உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தும் பலனில்லை, ஏனென்றால் பேடு எண்ணெயை உறிஞ்சிவிடும். டிஸ்கை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் துடைத்து, கைவசம் இருந்த ஜோடி பேடைப் போட வேண்டியதாயிற்று. இப்போது செயினுக்குத் துணியில் நனைத்துத்தான் துடைக்கிறார். அப்போதும் டிஸ்கின்மேல் ஒரு பிளாஸ்டிக் உறையைக் கட்டிக்கொள்கிறார்.

மாற்றிச் செய்திருக்க வேண்டியவை

திருகு நட்டில் மரை தீர்ந்த வாரமே மலையிறங்குவதை நிறுத்தியிருக்க வேண்டும். ஒன்பதாவது வளைவில் லீவர் கைப்பிடியைத் தொட்டதும் இறங்கி, கீழே போகும் ஏதாவதொரு சரக்கு வண்டிக்குக் கை காட்டியிருக்க வேண்டும். அவர் நிற்காததற்குச் சொன்ன காரணம் இருட்டிவிடும் என்பது. மூன்றரைக்குப் பதில் ஒரு மணிக்கே கிளம்புவதற்குத் தோட்டத்தில் அனுமதி கேட்கலாம் என்பது விபத்துக்குப் பிறகுதான் தோன்றியிருக்கிறது. கேட்டார், கிடைத்தது.

தேர்வில் எங்களுக்கு ஒரு குறை உண்டு. முன் டிஸ்க் 160 மி.மீ. ஃபோர்க் அனுமதித்தால் 180 போட்டிருக்கலாம், அதே பிடிப்புக்கு விரல் பலமும் சூடும் குறைந்திருக்கும். அந்த ஃபோர்க்கில் 160-க்கு மேல் போடக்கூடாது என்று தயாரிப்பாளர் எழுதியிருப்பதை வாங்கிய பிறகே கவனித்தோம். 90 கிலோவுக்கு மேற்பட்டவர் சுமையோடு இதே இறக்கத்தில் போவதாக இருந்தால், அந்த அளவை முதல் கேள்வியாகக் கேட்கச் சொல்வோம்.

கேரியரின் கீழ் போல்ட் இரண்டும் மூன்றாவது மாதம் தளர்ந்திருந்தன. இப்போது அவற்றில் நைலான் வளையம் வைத்த நட்டு இருக்கிறது. சனிக்கிழமை மதியம் கிளம்பும் முன் 5 மி.மீ. ஆலன் கீயால் அதைத் தொட்டுப் பார்த்து, டார்ச் வெளிச்சத்தில் காலிப்பருக்குள் நான்கு பேடையும் எண்ணிப் பார்த்துவிட்டுத்தான் வண்டியை வெளியே எடுக்கிறார்.